சோலார் சார்ஜ் கண்ட்ரோலர், பேட்டரி சார்ஜர்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்வாரிய இணைப்பை நம்பாமல் ஆஃப் கிரிட் சோலார் போடுகிறவர்கள் பேனலைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பார்கள். பேட்டரிக்கு எத்தனை வருட வாரண்டி என்று கேட்பார்கள். நடுவில் சுவரில் மாட்டப்போகும், பேனலின் மின்சாரத்தை ஒழுங்குபடுத்திப் பேட்டரிக்குக் கொடுக்கும் சார்ஜ் கண்ட்ரோலரை மட்டும் கடைசியில், கையில் மிச்சமிருக்கும் பணத்துக்கு ஏதோ ஒன்று என்று வாங்கிவிடுவார்கள். பேட்டரி இரண்டு வருடத்தில் சாகுமா எட்டு வருடம் ஓடுமா என்பது பெரும்பாலும் அந்தப் பெட்டியின் கையில்தான் இருக்கிறது.

அதனால் கணக்கைப் பேட்டரியில் தொடங்குங்கள். அது எந்த வகை, எத்தனை வோல்ட், எவ்வளவு கரண்ட் கேட்கிறது என்று தெரிந்தபிறகுதான் கண்ட்ரோலர், சார்ஜர் பேச்சே. பேனலில் தொடங்கிப் பேட்டரிக்கு வருவதால்தான் கீழே சொல்லும் தவறுகளில் பாதி நடக்கின்றன.

ஆம்பியரைப் பார்த்து வோல்ட்டை மறப்பது

கண்ட்ரோலர் மேல் பெரிதாக 60 ஆம்பியர் என்று போட்டிருக்கும். அது பேட்டரிப் பக்கம் அதிகபட்சம் எவ்வளவு கரண்ட் கொடுக்கும் என்பது மட்டுமே. பேனல் பக்கம் அது தாங்கும் உச்ச வோல்டேஜ் என்று இன்னொரு எண், சின்ன எழுத்தில், எங்காவது ஓரத்தில் இருக்கும். பெட்டியைக் கொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது எண்தான்.

ஒரு பேனலின் ஓபன் சர்க்யூட் வோல்டேஜ், அதாவது எதையும் இணைக்காதபோது அதன் முனையில் இருக்கும் வோல்டேஜ், 49.5 என்று வைத்துக்கொள்வோம். மூன்றைச் சீரிஸில் போட்டால் 148.5. கண்ட்ரோலர் 150 வோல்ட் தாங்கும். சரி, ஒன்றரை வோல்ட் மிச்சம் இருக்கிறதே என்று மாட்டிவிடுவார்கள். ஆனால் பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் எண் 25 டிகிரி வெப்பநிலைக்கு உரியது. பேனல் குளிரக் குளிர வோல்டேஜ் ஏறும். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.28 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், 10 டிகிரி குளிரில் விடியும் ஒரு காலையில் 15 டிகிரி வித்தியாசத்துக்கு 4.2 சதவீதம் கூடும். 148.5 என்பது ஏறக்குறைய 154.7 ஆகிவிடும். வெயில் லேசாகப் பட்டாலே வோல்டேஜ் கிட்டத்தட்ட முழுதாக வந்துவிடும் என்பதால், நல்ல வெயில் வரும்வரை கண்ட்ரோலர் தப்பிக்கும் என்றும் சொல்ல முடியாது. இப்படிப் போன பெட்டிக்கு வாரண்டியும் கிடைக்காது. டேட்டாஷீட்டில் அந்த வெப்பநிலைக் குணகத்தைத் தேடிப் பிடித்து, உங்கள் ஊரின் மிகக் குளிரான காலைக்குக் கணக்குப் போட்டு, அதற்கு மேலும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

கரண்ட் விஷயம் இவ்வளவு கண்டிப்பானது இல்லை. எம்.பி.பி.டி என்பது பேனலின் உச்சத் திறனைப் பிடித்து, அதன் அதிக வோல்டேஜை இறக்கிக் கூடுதல் கரண்டாக மாற்றும் வகை. நல்ல எம்.பி.பி.டி கண்ட்ரோலருக்குப் பேனல் வாட் சற்று அதிகமாக இருந்தால், அது தன் உச்ச ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். மிச்சம் வீண், அவ்வளவுதான். மேகமூட்டம் அதிகமுள்ள இடங்களில் வேண்டுமென்றே இப்படிப் பேனலைக் கூட்டிப் போடுகிறவர்களும் உண்டு. ஆனால் உள்ளே வரும் ஷார்ட் சர்க்யூட் கரண்டுக்கும் (பேனலின் இரு முனையையும் நேராகச் சேர்த்தால் ஓடும் கரண்ட்) ஒரு வரம்பு இருக்கும். அதைத் தாண்டக் கூடாது.

பெரிய பேனலைப் பி.டபிள்யூ.எம்மில் மாட்டுவது

பி.டபிள்யூ.எம் கண்ட்ரோலர் அடிப்படையில் ஒரு வேகமான ஸ்விட்ச். பேனலைப் பேட்டரியோடு நேரடியாகச் சேர்க்கும், பிரிக்கும். சேர்ந்திருக்கும்போது பேனலின் வோல்டேஜ் பேட்டரியின் வோல்டேஜுக்கு இறங்கிவிடும். 60 செல் கொண்ட 300 வாட் பேனல் ஒன்று 32 வோல்ட்டில் 9.4 ஆம்பியர் தருகிறது. அதை 13 வோல்ட்டில் நிற்கும் பேட்டரியில் பி.டபிள்யூ.எம் வழியாகக் கொடுத்தால் கிடைப்பது 9.4 பெருக்கல் 13, ஏறக்குறைய 122 வாட். 300 வாட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பாதிக்கும் கீழே வாங்குகிறோம். கண்ட்ரோலரில் மிச்சம் பிடித்த பணம் பேனலில் போய்விட்டது.

அதற்காகப் பி.டபிள்யூ.எம்மே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 36 செல் கொண்ட 100 வாட் பேனல், 12 வோல்ட் பேட்டரி, நாலு விளக்கு, ஒரு மின்விசிறி என்றால் அது தாராளமாகப் போதும். விலை குறைவு, கெட்டுப்போக உள்ளே அதிகம் எதுவும் இல்லை.

வருத்தமான விஷயம், எம்.பி.பி.டி என்று அச்சடித்து விற்கும் மலிவுப் பெட்டிகளில் பல உள்ளே பி.டபிள்யூ.எம்தான். கண்டுபிடிப்பது சுலபம். பேட்டரி பாதி இறங்கியிருக்கும் நேரம், உச்சி வெயிலில், மல்டிமீட்டரை எடுத்துக் கண்ட்ரோலரின் பேனல் முனையில் ஒரு முறை, பேட்டரி முனையில் ஒரு முறை வைத்துப் பாருங்கள். 32 வோல்ட் பேனல் மாட்டியிருந்தும் இரண்டிலும் 13 சொச்சம் காட்டினால், வாங்கியது வெறும் ஸ்டிக்கர். உண்மையான எம்.பி.பி.டி என்றால் பேனல் பக்கம் 30ஐ ஒட்டி நிற்கும். வாங்கும் முன்பே ஒரு துப்பு வேண்டுமென்றால் எடையைப் பாருங்கள். உண்மையான எம்.பி.பி.டிக்குள் காயில் இருக்கும், வெப்பம் போக அலுமினிய உடம்பு இருக்கும். உள்ளங்கையில் இறகு போல இருந்தால் சந்தேகப்படலாம்.

எம்.பி.பி.டி வாங்கிவிட்டு எதிர்ப்பக்கம் தவறு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். 24 வோல்ட் பேட்டரிக்கு ஒரே ஒரு 36 செல் பேனலை மாட்டிவிட்டு, சார்ஜ் ஏறவில்லை என்பார்கள். வழக்கமான எம்.பி.பி.டி வோல்டேஜை இறக்கத்தான் செய்யும், ஏற்றாது. பேட்டரியை விடச் சில வோல்ட் அதிகமாக உள்ளே வந்தால்தான் வேலையே தொடங்கும். வெயிலில் காயும் பேனலின் வோல்டேஜ் வேறு இறங்கும் என்பதால், வோல்டேஜின் மேல் எல்லைக்குக் குளிர் காலையையும், கீழ் எல்லைக்கு வெயில் மதியத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பழக்கத்துக்காக 12 வோல்ட்டிலேயே நிற்பது

1000 வாட் பேனலுக்கு 12 வோல்ட் பேட்டரி என்றால் கண்ட்ரோலர் 80 ஆம்பியருக்கு மேல் கொடுக்க வேண்டும். 24 வோல்ட்டில் அது 42, 48 வோல்ட்டில் 21. கண்ட்ரோலர்கள் ஆம்பியரை வைத்தே விலை பேசுவதால், ஒரே பெட்டி 48 வோல்ட்டில் நாலு மடங்கு பேனலைச் சமாளிக்கும். கேபிளும் மெலிதாகும். பின்னால் விரிவாக்கும் எண்ணம் இருந்தால் இதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

எல்லாப் பேட்டரிக்கும் ஒரே செட்டிங்

பேட்டரியின் ஆயுளை நேரடியாகத் தின்பது இந்தத் தவறு. தண்ணீர் ஊற்றும் லெட் ஆசிட் பேட்டரிக்கு அப்சார்ப்ஷன் கட்டத்தில் (வோல்டேஜை ஒரே அளவில் பிடித்து மிச்சத்தை நிரப்பும் கட்டம்) 14.4 முதல் 14.8 வோல்ட் வரை வேண்டும். ஜெல் பேட்டரிக்கு 14.1, 14.2 போதும், அதற்கு மேல் போனால் ஜெல்லுக்குள் குமிழி உண்டாகி நிரந்தரமாகக் கெடும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு 14.0 முதல் 14.4 வரை. சொன்னதெல்லாம் 12 வோல்ட் பேட்டரிக்கு. 24க்கு இரண்டால், 48க்கு நாலால் பெருக்கிக்கொள்ளுங்கள். கடைசிச் சொல் பேட்டரி தயாரித்தவருடையது.

ஆகவே வோல்டேஜை நாமே மாற்ற முடியாத கண்ட்ரோலரை வாங்க வேண்டாம். ஏ, பி, சி என்று மூன்று பட்டன் இருந்து, எது எத்தனை வோல்ட் என்று கையேட்டில்கூட இல்லையென்றால் அதையும் விட்டுவிடலாம். இன்றைக்கு லெட் ஆசிட் வைத்திருப்பவர் நாளைக்கு லித்தியத்துக்கு மாறலாம். அப்போது ஈக்வலைசேஷனை முழுதாக நிறுத்த முடிய வேண்டும். ஈக்வலைசேஷன் என்று அவ்வப்போது வோல்டேஜைத் தூக்கிக் கொதிக்கவிடுவது தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு நல்லது. அதையே சில கண்ட்ரோலர்கள் மாதம் ஒரு முறை தானாகச் செய்யும்; ஜெல்லுக்கோ லித்தியத்துக்கோ அது நடந்தால் ஆபத்து.

வெப்பநிலை விஷயத்திலும் லெட் ஆசிட்டும் லித்தியமும் எதிரெதிர். லெட் ஆசிட் சூடாக இருந்தால் சார்ஜ் வோல்டேஜைக் குறைக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 24 மில்லிவோல்ட் என்று வைத்தால், 40 டிகிரியில் 0.36 வோல்ட் குறைய வேண்டும். அதைச் செய்யாவிட்டால் தண்ணீர் சீக்கிரம் வற்றும். இதற்கான சென்சார் பேட்டரியின் உடம்பில் ஒட்டியிருக்க வேண்டும். பலர் அதைக் கண்ட்ரோலர் பக்கத்திலேயே தொங்கவிடுகிறார்கள். அது கண்ட்ரோலரின் சூட்டைப் பார்த்துப் பேட்டரியைப் பட்டினி போடும். லித்தியத்துக்கு இந்தத் திருத்தமே கூடாது. ஆனால் பூஜ்ஜிய டிகிரிக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றவே கூடாது என்பதால், உறைபனி உள்ள இடங்களில் குளிரில் சார்ஜை நிறுத்தும் வசதி பி.எம்.எஸ்ஸிலாவது (லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்) கண்ட்ரோலரிலாவது இருக்க வேண்டும்.

கேபிள் குடிக்கும் வோல்ட்

பேட்டரி ஒரு அறையில், கண்ட்ரோலர் இன்னொரு அறையில் இருக்கும் வீடுகளில் பேட்டரி முழுதாக நிரம்பாமல் நோஞ்சானாகவே இருக்கும். காரணம் சின்னக் கணக்கு. 5 மீட்டர் தூரம், போக வர 10 மீட்டர், 10 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள், 40 ஆம்பியர். கேபிளிலேயே 0.7 வோல்ட் போய்விடும். கண்ட்ரோலர் தன் முனையில் 14.4 பார்த்து, சரி, அப்சார்ப்ஷன் வந்தாச்சு என்று நேரத்தை எண்ணத் தொடங்கும். பேட்டரியில் அப்போது 13.7தான் இருக்கும். கரண்ட் குறையக் குறைய வித்தியாசமும் குறையும்தான், ஆனால் அதற்குள் சூரியன் இறங்கிவிடும். கண்ட்ரோலரைப் பேட்டரியிலிருந்து ஓரிரு மீட்டருக்குள் வையுங்கள். நீளக் கேபிள் வோல்ட் அதிகமுள்ள பேனல் பக்கம் இருக்கட்டும். அதற்காகத் தண்ணீர்ப் பேட்டரிக்கு நேர் மேலே மாட்டிவிட வேண்டாம். அமில ஆவி சர்க்யூட்டை அரிக்கும், ஹைட்ரஜன் வேறு கிளம்பும்.

கேபிளில் போடும் பிரேக்கர் டி.சிக்கு என்று செய்ததாக இருக்கட்டும். ஏ.சி பிரேக்கர் டி.சி தீப்பொறியை அணைக்கத் திணறும்.

பேட்டரியின் பசி தெரியாமல் சார்ஜர் வாங்குவது

150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரிக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 ஆம்பியர் சார்ஜ் கரண்ட் நல்ல அளவு. அதே பேட்டரிகளை நாலாகப் பேரலலில் சேர்த்து 600 ஆக்கிவிட்டு, பழைய 20 ஆம்பியர் கண்ட்ரோலரையே நம்பியிருந்தால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. பேட்டரி நாள்கணக்கில் அரைகுறையாகவே கிடந்து, தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகும். பேட்டரியைக் கூட்டினால் பேக்கப் கூடும் என்று நினைத்து, பேனலையும் கண்ட்ரோலரையும் கூட்டாமல் விடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

அதிகமும் ஆபத்து. சோலாரும் ஜெனரேட்டர் சார்ஜரும் ஒரே நேரத்தில் ஓடலாம், தவறில்லை. ஆனால் இரண்டின் கரண்டும் கூடும். கூட்டுத்தொகை பேட்டரியின் வரம்புக்குள் இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே வோல்டேஜ் செட்டிங் வையுங்கள்.

மழை நாளுக்காக ஜெனரேட்டரோடு சேர்க்கும் சார்ஜரில் இன்னொரு கணக்கு தப்பும். 12 வோல்ட், 60 ஆம்பியர் சார்ஜர் 14.4 வோல்ட்டில் 864 வாட் கொடுக்கும். செயல்திறன் 85 சதவீதம் என்றால் உள்ளே 1016 வாட் வேண்டும். இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்குதான் பவர் ஃபேக்டர். அதற்குத் திருத்தம் இல்லாத மலிவுச் சார்ஜராக இருந்து அது 0.7 என்றால், ஜெனரேட்டர் சுமக்க வேண்டியது 1450 வி.ஏ (வோல்ட் ஆம்பியர்). ஒரு கிலோவாட் ஜெனரேட்டர் திணறுவதற்குக் காரணம் இதுதான். பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ள சார்ஜரைப் பாருங்கள். அதிகபட்ச ஆம்பியரை நாமே குறைத்து வைக்கும் வசதியும் இருந்தால் சின்ன ஜெனரேட்டரே போதும்.

கார் பேட்டரிக்கான சாதாரணச் சார்ஜர் இதற்கு ஆகாது. பேட்டரி கொஞ்சம் ஏறியதுமே அதன் கரண்ட் சரிந்துவிடும். கடைசி 15, 20 சதவீதத்தை ஏற்ற மணிக்கணக்கில் டீசல் எரியும். ஜெனரேட்டரைக் காலையில் ஓட்டி, வேகமாக ஏறும் முதல் பகுதியை முடித்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஏறும் மிச்சத்தைப் பகல் வெயில், மங்கலாக இருந்தாலும், பார்த்துக்கொள்ளும். மாலையில் ஓட்டினால் அந்த மிச்சத்துக்கும் டீசல்தான்.

மாட்டும் நாளில் கவனிக்க இரண்டு விஷயம். கண்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணைத்துவிட்டு அப்புறம் பேனலை இணையுங்கள். கழற்றும்போது பேனல் முதலில். கண்ட்ரோலரின் லோடு முனையில் இன்வெர்ட்டரை மாட்டாதீர்கள். அது விளக்குக்கும் சின்ன மின்விசிறிக்கும் உள்ள வழி. ஸ்டார்ட் ஆகும்போது இன்வெர்ட்டர் இழுக்கும் கரண்டை அது தாங்காது, இன்வெர்ட்டர் ஃப்யூஸ் வழியாக நேராகப் பேட்டரிக்குப் போக வேண்டும்.