ரப்பர் துளிர்க்கும் முன்: குடும்பமாகத் தேன் தொழில் தொடங்க

மார்த்தாண்டம் பக்கம் தேன் வரத்து ஜனவரி முதல் மார்ச் வரை, ரப்பர் துளிர்விடும்போது. தேன் சுரப்பது பூவில் அல்ல. இலைக்காம்பில் மூன்று சிற்றிலைகளும் கூடும் இடத்தில். அப்போது பெட்டி கொள்ளாமல் தேனீ இருக்க வேண்டும். அதனால் வேலை அக்டோபரிலேயே தொடங்குகிறது.

எடுத்த எடுப்பில் 20 பெட்டி வாங்காதீர்கள். 2 போதும், ஒரு கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கப் பழகினால் மற்றவை கையிலேயே வளரும். இந்தியத் தேனீக்கு நியூட்டன் பெட்டி: கீழே முட்டையும் புழுவும் வளரும் 7 புழுச் சட்டம் (புழு அறை), மேலே உயரம் குறைந்த தேன் சட்டங்கள் (தேன் அறை). வாங்கும்போது புழு அடையைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் கட்டிய பைபோல் புழு செத்துக் கிடந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். 1990-களில் தென்னிந்தியப் பெட்டிகளைக் காலியாக்கிய தாய்லாந்து சாக்புரூட் என்ற புழுக்கொல்லி வைரஸின் அடையாளம் அது. எறும்பு ஏறாமல் பெட்டித் தாங்கியின் கால்களைச் சுற்றி வைக்கும் கிண்ணத்தில் தண்ணீர் வற்றக் கூடாது.

மழைக்காலத்தில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் காய்ச்சி, ஆறவைத்து, அந்தியில் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வெளியே சிந்தினால் பக்கத்துப் பெட்டி ஈக்கள் கொள்ளைக்கு வரும். தேன் அறை ஏற்றியபின் பாகு கூடவே கூடாது. அது தேனில்தான் போய்ச் சேரும்.

அடையின் கீழ்விளிம்பில் புது ராணி வளரும் ராணி அறை தொங்கினால் பிரிக்கலாம். பழைய ராணியை 3 சட்டத்தோடு புதுப் பெட்டிக்கு மாற்றி, இன்னொரு சட்டத்து இளம் ஈக்களையும் உதறி விடுங்கள். வெளியே போய்வரும் ஈக்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்பதால் இந்த உதறல் அவசியம். தாய்ப் பெட்டியில் நல்ல ராணி அறை ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். புது ராணி வெளிவந்து இரண்டு வாரத்தில் முட்டை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வேறு பெட்டியிலிருந்து முட்டைச் சட்டம் கொடுங்கள். தாமதித்தால் வேலைக்கார ஈக்களே முட்டையிடும். அதில் ஆண் ஈதான் பிறக்கும்.

அடையில் முக்கால்வாசியை ஈக்கள் மெழுகால் மூடியபின்பே தேன் எடுங்கள். அவசரப்பட்டால் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டும். புளித்து, நுரைத்து, பாட்டில் மூடியே தெறிக்கும். ரப்பர் தேனில் இந்தத் தொல்லை அதிகம். ஒருவர் மெழுகு மூடியைச் சீவ, ஒருவர் பிழிவு இயந்திரம் சுற்ற, ஒருவர் காலி அடையைத் திருப்பி வைக்க என்று மூன்று பேர் இருந்தால் வேலை சுருக்காக முடியும். புழு அறையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

பாட்டிலில் லேபிள் ஒட்டி விற்பதற்கு முன் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துவிடுங்கள்.