சாம்பல் கிளியைப் பச்சைக்கிளி போல் வளர்க்காதீர்கள்

கடலூர், புதுச்சேரிப் பகுதி வீடுகளில் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை, தாழ்வாரத்து உத்தரத்தில் ஒரு வட்டக் கம்பிக் கூண்டும் அதனுள் ஒரு பச்சைக்கிளியும் தொங்குவது சாதாரணக் காட்சி. பச்சைக்கிளியைப் பிடித்து அடைப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது ஊரறிந்த செய்தியான பிறகு, பேசும் பறவைமேல் ஆசை கொண்டவர்கள் பலர் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை வாங்குகிறார்கள். பறவை மாறியது, வளர்க்கும் பழக்கம் மாறவில்லை. கடலூரில் 11 ஆண்டுகளாக ஒரு சாம்பல் கிளியை வளர்த்துவரும் நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை, என்னுடையவை உட்பட, அந்தப் பழைய பழக்கத்திலிருந்து வந்தவையே.

முதல் தவறு தீனியில் நிகழ்கிறது. சூரியகாந்தி விதை, வேர்க்கடலை, பண்ருட்டிப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று முந்திரிப் பருப்பு ஆகியவற்றையே கிண்ணம் நிறையக் கொட்டிவிடுகிறோம். இவற்றில் கொழுப்பு மிகுதி, கால்சியம் குறைவு, வைட்டமின் ஏ ஏறக்குறைய இல்லை. இரத்தத்தில் கால்சியம் குறைந்து வலிப்பு வருவது மற்றக் கிளிகளைவிடச் சாம்பல் கிளிகளிடம் அதிகம் காணப்படும் கோளாறு. என் கிளிக்கு மூன்று வயதானபோது, ஒரு நாள் காலையில் குச்சியில் உட்கார்ந்திருந்தபடியே அதன் கால்பிடி நழுவியது. கூண்டின் அடித்தட்டில் விழுந்து, இறக்கைகள் விறைக்க, வாய் திறந்தபடி நடுங்கியது. அரை நிமிடத்தில் எழுந்துவிட்டது என்றாலும், என் கை நடுக்கம் நிற்க நெடுநேரமாயிற்று. இரத்தப் பரிசோதனையில் கால்சியம் குறைவு என்று தெரியவந்தது. கிண்ணம் காலியாவதைப் பார்த்து, கிளி நன்றாகச் சாப்பிடுகிறது என்று அதுவரை நம்பியிருந்தேன்.

இப்போது அதற்குக் கிளிகளுக்கென்றே தயாரிக்கப்படும் பெல்லட் என்னும் சிறு உருண்டைத் தீனிதான் முதன்மை உணவு. அதனுடன் முருங்கைக்கீரை, கேரட், பரங்கிக்காய், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஆகியவற்றைக் கொடுக்கிறேன், முந்திரியை எப்போதாவது ஒரு துண்டு பரிசாக மட்டும். விதைக்குப் பழகிய கிளி புதிய உணவைத் தொடாமல் பட்டினி கிடந்துவிடும் என்பதால், இந்த மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல் பல வாரங்களில் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும். அவகாடோ, சாக்லேட், காபி, தேநீர், உப்பிட்ட நொறுக்குத்தீனி எதுவும் கூடாது. உணவிலுள்ள கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிரைச் சன்னல் கண்ணாடி தடுத்துவிடும் என்பதால், காலை வெயிலில், பாதி நிழல் இருக்குமாறு, காக்கையும் பூனையும் அண்டாதபடி பக்கத்தில் நின்று சிறிது நேரம் காட்ட வேண்டும். மருந்துக்கடையில் கால்சியம் சொட்டுமருந்து வாங்கி நாமாகக் கொடுப்பதும் தவறு; அளவு மிஞ்சினால் சிறுநீரகம் கெடும்.

வீட்டார் பேச்சைக் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும் என்று கூண்டைச் சமையலறைக்கு அருகே வைப்பது உயிருக்கே ஆபத்தானது. நான்-ஸ்டிக் கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால் வெளிவரும் புகை, நமக்கு ஒன்றும் செய்யாத அளவிலும்கூட, காற்றறைகள் கொண்ட பறவையின் நுரையீரலைத் தாக்கிச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுவத்தி ஆகியவற்றின் புகையும் ஆகாது; போகியன்று விடியற்காலையில் சன்னல்களை மூடிவைக்க வேண்டும்.

வட்டக் கூண்டு சாம்பல் கிளிக்குப் போதவே போதாது. இறக்கையை விரித்தால் ஏறத்தாழ அரை மீட்டர் அகலம் வரும் பறவை, கம்பியில் இடிக்காமல் இறக்கையடிக்க இடம் வேண்டும். துத்தநாகம் பூசிய கம்பியைக் கிளி கடித்துக்கொண்டே இருந்தால் நஞ்சேறும். உட்கார ஒரே தடிமனுள்ள வழவழப்பான குச்சிக்குப் பதிலாகப் பருமன் மாறும் கொய்யாக் கிளையை வைத்தால் பாதத்தில் புண் வருவது குறையும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது தனிமைதான். ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1977-இல் ஒரு செல்லப்பிராணிக் கடையில் வாங்கி, 2007-இல் அது இறக்கும் வரை ஆராய்ந்த அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, பொருள்களின் நிறத்தையும் வடிவத்தையும் பெயர் சொல்லி, ஆறு வரை எண்ணிக் காட்டியது. அப்படிப்பட்ட அறிவுள்ள ஓர் உயிரைக் காலை ஒன்பது மணிக்கு வெற்றுக் கூண்டில் விட்டுப் பூட்டிப் போனால், நாளடைவில் அது தன் இறகைத் தானே பிடுங்கத் தொடங்கக்கூடும். தலையில் மட்டும் இறகு முழுமையாக இருந்து நெஞ்சு மொட்டையாகியிருந்தால், அலகு எட்டிய இடத்தையெல்லாம் கிளியே பிடுங்கியிருக்கிறது என்று பொருள். நோயும் காரணமாகலாம் என்பதால் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிறகு தீனியைப் பனையோலையில் மடித்தும் காகிதத்தில் பொதிந்தும் வைத்து, தேடிப் பிரித்துத் தின்ன விட வேண்டும். நாள்தோறும் சில மணி நேரம் கூண்டுக்கு வெளியே, மின்விசிறியை நிறுத்திவிட்டு, நம்மோடு இருக்கவும் விட வேண்டும். பேசாத கிளியைக் குறைகூறுபவர்கள், அதனிடம் எவ்வளவு நேரம் பேசினோம் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

வாங்கும்போது ஆவணம் கேட்காமல் விடுவது இன்னொரு தவறு. காட்டிலிருந்து பிடித்துக் கடத்தியதால் அருகிவிட்ட இந்த இனத்தை, 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) உடன்படிக்கையின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். இந்தியாவிலும் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். கால்வளையமும் ரசீதும் இல்லாத கிளியை எவ்வளவு குறைந்த விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள்.

கடைசியாக, கிளி நோயை மறைக்கும். சோர்ந்து தெரிவதற்குள் நோய் முற்றியிருக்கும். பொதுவாக 400 முதல் 500 கிராம் வரை இருக்கும் பறவை என்பதால், கிராம் காட்டும் தராசில் வாரம் இருமுறை நிறுத்துக் குறித்துவைத்தால், கண்ணுக்குத் தெரியாத இளைப்பை அந்த எண் காட்டிக்கொடுக்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு வால் ஆட உட்கார்ந்திருந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. பறவை பார்க்கும் மருத்துவர்கள் நம் பகுதியில் குறைவு. புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ அருகிலோ யார் பார்ப்பார்கள் என்பதை, கிளி வீட்டுக்கு வருவதற்கு முன்பே விசாரித்து, தொலைபேசி எண்ணைக் கூண்டின் மேல் ஒட்டிவையுங்கள்.