தனி ஹோம் தியேட்டர் அறை: அளவும் அமைப்பும் திட்டமிடுவது எப்படி?

ஹோம் தியேட்டர் அமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை அங்குலத் திரை போடலாம்?" என்பதுதான். திரையை முதலில் முடிவு செய்துவிட்டால், மிச்சமிருக்கும் மூலைகளில் ஸ்பீக்கர்களும் பின்சுவரோடு ஒட்டி நாற்காலிகளும் போய் உட்கார்ந்துவிடும். படம் பெரிதாகத் தெரியும், ஒலி மட்டும் கடைசிவரை சரிப்படாது. எனவே வரைபடத்தில் முதலில் நாற்காலியைப் போடுங்கள். நடுவில் அமர்பவரின் கண்ணும் காதும் எங்கே என்று தெரிந்துவிட்டால், மற்றதெல்லாம் அங்கிருந்து அளந்து வைக்க வேண்டியவைதான்.

கட்டம் போட்ட தாள், அளவு நாடா, கால்குலேட்டர், மாஸ்கிங் டேப் இவை போதும்.

படி 1: வேலை முடிந்த பிறகு எஞ்சும் அளவை எடுங்கள்

செங்கல் சுவருக்கு இடைப்பட்ட அளவை நம்பித் திட்டமிடக் கூடாது. ஒலி வெளியே போகாமலிருக்க உட்புறம் தனிச் சட்டம் அடித்து, இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை பொருத்தினால், ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ அரை அடி போய்விடும். 14 அடி அகலம் 13 ஆகிவிடும். கூரைக்கும் இதே கணக்குதான். கீழே வரும் எண்கள் அனைத்தும் வேலை முடிந்த பிறகான உள் அளவுகள்.

படி 2: மூன்று அளவுகளையும் ஒத்திட்டுப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பின்னால் எவ்வளவு செலவழித்தாலும் எளிதில் திருத்த முடியாத ஒன்று இதில்தான் முடிவாகிறது.

ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1130 அடி பயணிக்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே தாழ்ந்த ஒலிகள் (பேஸ்) மோதித் திரும்பி நிலை அலைகளாகின்றன. குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் அறையின் சில இடங்களில் பேஸ் குமுறும், சில இடங்களில் காணாமலே போகும். 1130இல் பாதியான 565ஐச் சுவர்களின் இடைவெளியால் (அடியில்) வகுத்தால் அந்த அதிர்வெண் ஹெர்ட்ஸில் கிடைக்கும். அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்களிலும் இதே சிக்கல் எழும்.

பார்வைக்கு நேர்த்தியான 18 × 12 × 9 அடி அறையை எடுத்துக்கொள்வோம். நீளத்துக்கு 31.4 ஹெர்ட்ஸ், அதன் இரண்டு மடங்கு 62.8. உயரத்துக்கு 565 ÷ 9, அதுவும் 62.8! இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் விழுகின்றன. அகலத்துக்கு 47, அதன் இரண்டு மடங்கு 94. நீளத்தின் மூன்று மடங்கும் அதே 94. இந்த அறையில் வெடிச்சத்தமும் இடியும் இரண்டொரு சுரத்தில் மட்டும் வீங்கிக் கேட்கும்.

இப்போது 20 × 13 × 9 அடி. நீளம் 28, 56, 85, அகலம் 43, 87, உயரம் 63. மிக நெருங்கி வருவது 85க்கும் 87க்கும் இடையில் மட்டுமே. எண்கள் பரவிக் கிடக்கின்றன, அதுதான் நமக்கு வேண்டியது. உயரம், அகலம், நீளம் 1 : 1.4 : 1.9 என்ற விகிதத்தில் இருந்தால் நல்லது என்று 1971இல் லௌடன் என்ற ஆய்வாளர் கணக்கிட்டுச் சொன்னார். 9 அடி உயரத்துக்கு அது 12.6 அடி அகலம், 17.1 அடி நீளம். இதை அப்படியே பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. கனசதுர அறையையும், ஓர் அளவு இன்னொன்றின் சரியான மடங்காக வருவதையும் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்தது. திரையை மாட்டுவதற்காக எழுப்பும் மெல்லிய துணிச் சுவர் பேஸைத் தடுக்காது. அதைக் கழித்துக்கொண்டு கணக்கிடாதீர்கள்.

ஏற்கெனவே இருக்கும் அறை என்றால் சுவரை இடிக்க ஓட வேண்டாம். அடுத்த படியும் சப்வூஃபரின் (பேஸுக்கான தனி ஸ்பீக்கர்) இடமும் நிறையச் சரிசெய்யும்.

படி 3: முதன்மை இருக்கை

பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பேஸ் தேவைக்கு மேல் குமுறும், பின்பக்க ஸ்பீக்கருக்கும் இடமிருக்காது. நீளத்தின் நட்டநடுவில் உட்கார்ந்தால் நீளவாக்கின் முதல் நிலை அலை அங்கே கேட்கவே கேட்காது. ஒலிப்பதிவுக் கூடங்களை வடிவமைப்பவர்கள் பின்பற்றும் எளிய தொடக்கம் ஒன்று உண்டு: சுவரிலிருந்து நீளத்தில் 38 சதவீதத் தொலைவில் காது இருக்கட்டும். நம் 20 அடி அறையில் பின்சுவரிலிருந்து 7.6 அடி, திரைச் சுவரிலிருந்து 12.4 அடி. தாளில் ஒரு புள்ளி வையுங்கள்.

படி 4: திரை

பார்வைக் கோணம் 30 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் இடையில் இருப்பது வசதி. 40 டிகிரி வேண்டுமானால் தொலைவை 1.37ஆல் வகுங்கள், திரையின் அகலம் வரும். 12.4 அடிக்கு அது 9 அடி. 30 டிகிரிக்கு 1.87ஆல் வகுத்தால் 6.6 அடி.

13 அடிச் சுவரில் 9 அடித் திரை போட்டால் இருபுறமும் 2 அடிதான் மிஞ்சும். ஸ்பீக்கர்கள் பக்கச் சுவரோடு நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். என் தேர்வு 8 அடி. 16:9 விகிதத்தில் உயரம் 4.5 அடி, மூலைவிட்டம் 110 அங்குலம், கோணம் 36 டிகிரி. அமர்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் 3.5 அடியில் இருக்கும். அது திரையின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் விழ, திரையின் அடி விளிம்பு 2 அடியில் வரவேண்டும். திரையை உயரத் தூக்கி மாட்டினால் இரண்டு மணி நேரத்தில் கழுத்து வலிக்கும்.

படி 5: இரண்டாவது வரிசை வேண்டுமா?

20 அடி அறையில் ஒரே வரிசை என்பதே என் பரிந்துரை. சாய்வு நாற்காலிகளுக்கு வரிசைக்கு வரிசை 6 அடி தேவை. எட்டுப் பேர் அமர்ந்தே ஆக வேண்டும் என்றால் முதல் வரிசையைத் திரைச் சுவரிலிருந்து 11 அடிக்கும் இரண்டாவதை 17 அடிக்கும் கொண்டுபோகலாம். பின்வரிசைக்காரரின் காதுக்குப் பின்னால் 3 அடி கிடைக்கும்.

பின்வரிசைக்கு மேடை வேண்டும். அதன் உயரத்தைக் குத்துமதிப்பாக வைக்காமல் பக்கவாட்டுப் படம் வரையுங்கள். திரையின் அடி விளிம்பிலிருந்து முன்வரிசைக்காரரின் உச்சந்தலையைத் தொட்டபடி (தரையிலிருந்து சுமார் 3.85 அடி) ஒரு கோட்டைப் பின்வரிசை வரை நீட்டினால், அது 4.86 அடி உயரத்தில் வந்து சேரும். கண் உயரம் 3.5ஐக் கழித்தால் 1.36 அடி, அதாவது 16 அங்குல மேடை. திரையை அரை அடி உயர்த்தினால் 13 அங்குலம் போதும். எப்படியும் ஏற இரண்டு படிகள் வேண்டும். அவற்றுக்கும் தாளில் இடம் ஒதுக்குங்கள்.

இந்த இடத்தில் தாளை வைத்துவிட்டு அறைக்குப் போய்த் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். சாய்வு நாற்காலி முழுதாக நீண்ட நிலையில், வரிசைக்கு முன்னால் ஒருவர் நடந்து போக முடிகிறதா என்று நடந்தே பாருங்கள்.

படி 6: ஸ்பீக்கர்கள்

முன் இடது, வலது ஸ்பீக்கர்கள் முதன்மை இருக்கையின் நடுக்கோட்டிலிருந்து 22 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது ஒலித் தொழில்நுட்ப நிறுவனமான டால்பியின் வழிகாட்டல். ஒரு வரிசை அமைப்பில் நடுவிலிருந்து 5 அடி விலக்கி, சுவரிலிருந்து ஓரடி முன்னால் வைத்தால் 23 டிகிரிக்குச் சற்று மேல் வரும். நடு ஸ்பீக்கர் திரைக்கு நேர் கீழே. ஏழு ஸ்பீக்கர்களோடு சப்வூஃபரும் சேர்ந்த 7.1 அமைப்பில் பக்க ஸ்பீக்கர்களுக்கு 90 முதல் 110 டிகிரி, பின் ஸ்பீக்கர்களுக்கு 135 முதல் 150. கூரையில் நான்கு பொருத்தினால், காதிலிருந்து கூரை 5.5 அடி என்பதால், இருக்கைக்கு 5.5 அடி முன்னும் அதே அளவு பின்னும் வைக்க 45 டிகிரி கிடைக்கும்.

சப்வூஃபர் ஒன்றுக்கு இரண்டாக, முன்சுவரின் நடுவில் ஒன்றும் பின்சுவரின் நடுவில் ஒன்றும் வையுங்கள். எல்லா இருக்கைகளிலும் பேஸ் ஏறத்தாழ ஒரே மாதிரி கேட்க எதிர்ச்சுவர்களின் நடுப்புள்ளிகள் உதவும் என்பதை ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தின் டாட் வெல்டி ஆய்ந்து காட்டினார். ஒரே ஒரு பெரிய சப்வூஃபருக்குப் பதில் இரண்டு நடுத்தரமானவற்றையே வாங்குவேன்.

படி 7: புரொஜெக்டர், கதவு, காற்று, குழாய்

புரொஜெக்டரின் த்ரோ விகிதத்தைத் திரை அகலத்தால் பெருக்கினால் அதைத் திரையிலிருந்து வைக்க வேண்டிய தொலைவு வரும். 1.5 என்றால் 12 அடி. விசிறிச் சத்தம் சரியாக உங்கள் தலைக்கு மேல் வந்துவிடும். 1.8 அளவுக்குப் போக முடிகிற லென்ஸ் இருந்தால் 14.4 அடியில் பின்னால் தள்ளலாம்.

கதவு பின்பக்கம் இருந்தால் உள்ளே வருபவர் திரைக்கு முன்னால் நடக்க வேண்டியதில்லை. ஆனால் பின்னால் மேடையும் இருந்தால், உள்ளே திறக்கும் கதவு மேடையில் இடிக்கும். வெளியே திறக்குமாறு வையுங்கள்.

ஜன்னலை அடைத்த அறையில் காற்றுக்கு வழி வேண்டும். அமர்ந்திருக்கும் ஒருவரின் உடலிலிருந்து ஏறத்தாழ 100 வாட் வெப்பம் வெளிப்படுகிறது. ஸ்பிளிட் ஏசி பெரும்பாலும் உள்ளிருக்கும் காற்றையே குளிர்விக்கிறது, புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை. அதற்குத் தனிக் குழாய் வரையுங்கள்.

கடைசியாக, பூச்சு வேலைக்கு முன் ரிசீவரிலிருந்து (ஒலி, பட இணைப்புகள் வந்து சேரும் பெட்டி) புரொஜெக்டர் வரை இரண்டு அங்குலக் குழாய் ஒன்றைச் சுவருக்குள் பதித்து, உள்ளே ஒரு கயிற்றை விட்டு வையுங்கள். கேபிளின் நீளம் 25 அடியைத் தாண்டினால் ஆப்டிகல் (ஒளியிழை) எச்டிஎம்ஐ கேபிள்தான் நம்பகமானது. குழாயின் வளைவுகள் அகலமாக இருக்கட்டும். குறுகிய முழங்கை வளைவில் கேபிளின் பிளக் சிக்கிக்கொள்ளும்.