நீலகிரிக் கல்லறையில் ‘ஆர்.என்.’ என்று இருந்தால்: ஒரு கடற்படை அதிகாரியின் பணிக்காலத்தைத் தேடுவது எப்படி

ஊட்டி புனித ஸ்டீபன் ஆலயத்துக்குப் பின்னால் மேட்டில் இருக்கும் கல்லறைத் தோட்டத்திலோ, குன்னூர் டைகர் ஹில்லிலோ, பெயருக்குப் பின்னால் ‘ஆர்.என்.’ என்று வெட்டிய கல் ஒன்று கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடாதீர்கள். அந்த மனிதர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணியில் இருந்தவர் என்றால், பையனாகச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்றது வரை வீட்டில் உட்கார்ந்தபடியே பெரும்பாலும் தேடி எடுத்துவிடலாம்.

முதலில் கல்லைப் படிக்க வேண்டும். நம்ம ஊர் ஈரத்தில் எழுத்தெல்லாம் பாசி மூடியிருக்கும். கம்பி பிரஷ், சுண்ணாம்பு, ஆசிட் எதுவும் வேண்டவே வேண்டாம், கல் உதிர்ந்துவிடும். வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில் போங்கள், மேகம் இறங்கியிருந்தால் செல்போன் டார்ச்சைக் கல்லின் ஓரத்தை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத எழுத்துகூட நிழல் விழுந்து எழும்பி வரும்.

அடுத்தது, அந்த எழுத்துகளைச் சரியாகப் பிரித்துப் பார்ப்பது. ஆர்.என். என்றால் பிரிட்டிஷ் அரச கடற்படை. ஆர்.ஐ.எம். என்றால் ராயல் இந்தியன் மரைன், 1934 வரை இருந்த வேறு படை. கல்லில் அப்படி இருந்தால் அவருடைய கோப்பு பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில்தான் இருக்கும். வெலிங்டன் ராணுவ முகாம் பக்கத்தில் இருப்பதால் நமக்கு ராணுவக் கேப்டன்தான் பழக்கம், ஆனால் கடற்படையில் கேப்டன் என்பது ராணுவக் கர்னலுக்குச் சமம்.

இப்போது நேவி லிஸ்ட். கடற்படையே அச்சிட்டு வந்த இந்தப் பட்டியலை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அகர வரிசையில் பெயரைப் பிடித்தால் பதவி, அந்தப் பதவி கிடைத்த தேதி, அவர் அப்போது இருந்த கப்பல் எல்லாம் வரும். என்னைக் கேட்டால் இந்த ஒரு தேதிதான் சாவி. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தாலும் இந்தத் தேதி வைத்துப் பிரித்துவிடலாம், ஒவ்வொரு வருடத்துப் பட்டியலிலும் அவரை விடாமல் பின்தொடரலாம். லெப்டினன்டாக எட்டு ஆண்டு முடித்தவர்களுக்கு 1914இல்தான் லெப்டினன்ட்-கமாண்டர் என்ற பெயரே வந்தது, அதனால் பதவியின் பெயர் திடீரென்று மாறினால் பதவி உயர்வு என்று நினைத்துவிடாதீர்கள். கமாண்டர் ஆவதுதான் பெரிய தடை, அது தேர்ந்தெடுத்துக் கொடுப்பது. எத்தனையோ திறமைசாலிகள் அந்தப் படிக்குக் கீழேயே நின்றுபோனார்கள்.

கப்பல் பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, பட்டியலில் கப்பல் போல வரும் சில பெயர்கள் கடலில் ஓடிய கப்பலே அல்ல. ‘எக்ஸலன்ட்’ பீரங்கிப் பள்ளி, ‘வெர்னான்’ டார்ப்பிடோ பள்ளி, 1903க்குப் பிறகு ‘விக்டரி’ என்றால் பெரும்பாலும் போர்ட்ஸ்மவுத் படைவீடு. பையனாக ‘ஆஸ்போர்ன்’ கடற்படைக் கல்லூரிக்குப் போயிருந்தால் 1903க்கும் 1921க்கும் இடையில், 13 வயதை ஒட்டிச் சேர்ந்தவர்.

அப்புறம் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏ.டி.எம். 196 வரிசையைத் தேடுங்கள். இதுதான் அதிகாரியின் பணிப்பதிவேடு. எந்தக் கப்பலில் எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்பதோடு, மேலே இருந்த கேப்டன்கள் அவரைப் பற்றி எழுதிய ஓரிரு வரி மதிப்பீடும் நெருக்கமான கையெழுத்தில் இருக்கும். பொறுமையாகப் பெரிதாக்கிப் படியுங்கள், ஆளின் குணம் தெரிவது இங்கேதான். 1922இல் திடீரென்று ஓய்வு என்று இருந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம், முதல் உலகப் போருக்குப் பிறகு, அரசுச் செலவைக் குறைக்க அமைத்த கெடஸ் குழு பரிந்துரைத்த ஆட்குறைப்பில் வெளியேற்றப்பட்டவர்கள் ஏராளம்.

பதவி உயர்வு, ஓய்வு அறிவிப்புகளை பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் சரிபார்த்துக்கொள்ளலாம். அடக்கம் செய்த விவரத்துக்கு ஆயரிடம் அனுமதி கேட்டு ஆலயப் பதிவேட்டைப் பாருங்கள்; இல்லையென்றால் மதராஸ் மாகாணத் திருச்சபைப் பதிவுகளின் நகல் பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 வரிசையில் இருக்கிறது. கிடைத்ததை ஒரு பக்கமாக எழுதி, கல்லின் படத்தோடு ஆலய அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள், கொள்ளுப் பேரப்பிள்ளைகள் யாராவது தேடி வந்தால் உதவும்.