துணி இறக்கை ஆர்சி விமானம்: டிரிம்மைத் தொடுவதற்கு முன்னால் துணியைப் பாருங்கள்

கார்பன் ராடு சட்டத்தில் மெல்லிய ரிப்ஸ்டாப் துணியை இழுத்துக் கட்டிய விமானத்தை முதல் தடவை பறக்கவிடும்போது நிறைய பேர் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். விமானம் வலது பக்கம் இழுக்கிறது, உடனே ரிமோட்டில் டிரிம்மை (விமானத்தின் அசையும் பாகங்களின் நடு நிலையைக் கொஞ்சம் நகர்த்தும் பொத்தான்) இடது பக்கம் நாலு கிளிக் தள்ளுகிறார்கள், அந்த வேகத்துக்கு அது சரியாகவும் ஆகிவிடுகிறது, ஆனால் த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) கூட்டினால் வேறு மாதிரி இழுக்கிறது, குறைத்தால் இன்னொரு மாதிரி. காரணம் ரொம்பச் சாதாரணம். தெர்மாகோல் இறக்கையின் வடிவம் தரையில் எப்படியோ வானத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். துணி அப்படி இல்லை. காற்றின் வேகமும் சுமையும் மாறும்போதெல்லாம் அது கொஞ்சம் உப்பும், கொஞ்சம் தட்டையாகும், பின் ஓரம் மேலே எழும்பும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் துணி, அடுத்து எடைச் சமநிலை, அதற்கப்புறம் மோட்டார் கோணம், கடைசியில்தான் டிரிம்.

பேச வசதியாக ஓர் அளவை வைத்துக்கொள்வோம். இறக்கை நீளம் 1 மீட்டர், அகலம் 20 செ.மீ., ரடரும் (இடது வலது திருப்புவது) எலிவேட்டரும் (மூக்கை ஏற்றி இறக்குவது) மட்டும் உள்ள வால், மொத்த எடை 250 கிராம். பரப்பு 20 சதுர டெசிமீட்டர், அதாவது ஒரு சதுர டெசிமீட்டருக்கு 12.5 கிராம் சுமை. இந்தச் சுமையில் விமானம் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில்கூட, அதாவது மணிக்குச் சுமார் 15 கி.மீ.க்கே, காற்றில் நிற்கும். அழகே அதில்தான் இருக்கிறது, சிக்கலும் அதில்தான்: மணிக்கு 10 கி.மீ. காற்று அடித்தாலே விமானம் சொல்வது எது, காற்று சொல்வது எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. டிரிம் வேலைக்கு அதிகாலையையோ, காற்று அடங்கிய மாலையையோ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, துணி. விமானத்தை மேசைமேல் வைத்து, பின்னால் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, கண்ணை இறக்கையின் மட்டத்துக்கு இறக்கி, பின் ஓரத்தை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு பாதியிலும் முன் ராடு நேர்கோடாகத் தெரிய வேண்டும், அதற்குமேல் பின் ஓரம் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்பது இடது நுனியிலும் வலது நுனியிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 3 மி.மீ. கூடுதலாக எழும்பியிருந்தாலும் இவ்வளவு லேசான விமானத்துக்கு அது பெரிய விஷயம். எழும்பிய பக்கம் தூக்குவிசை குறையும், விமானம் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாயும். அடுத்து, துணியில் குறுக்காக ஓடும் சுருக்கத்தைத் தேடுங்கள். சுருக்கம் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் இழுப்பு அதிகம் என்று அர்த்தம், ஆகவே அதே கோட்டில் கொஞ்சம் தளர்த்த வேண்டும், அல்லது அதற்குக் குறுக்கே இறுக்க வேண்டும். சுருக்கம் தெரிகிறதே என்று அதே கோட்டில் இன்னும் இழுத்தால் இன்னும் ஆழமாகத்தான் விழும்.

இறுக்கும்போது சைக்கிள் சக்கரத்தில் கோட்டம் எடுப்பவரைப் போலச் செய்யுங்கள்: ஒரே இடத்தில் முழுசாக இறுக்காமல், இங்கே கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம், மறுபடி பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம். எவ்வளவு இறுக்கம் போதும்? விரலால் நடுவில் லேசாக அழுத்தினால் அமுங்கி, விட்டதும் உடனே திரும்பி வர வேண்டும். அதற்குமேல் இழுத்தால் கார்பன் ராடு வளையும், வளைந்த ராடு இறக்கையையே முறுக்கிவிடும். ஈரப்பதம் ஏறும் நாளில் நைலான் துணி தளரும் என்பதையும் மறக்க வேண்டாம். பாலியஸ்டர் துணிக்கு இந்தத் தொல்லை குறைவு, புதிதாகத் துணி போடுவதாக இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன்.

ஏலரான் (இறக்கையின் பின் ஓரத்தில் அசையும் பகுதி) இல்லாத விமானம் என்பதால் இறக்கை நுனிகள் மேல்நோக்கி இருந்தால்தான் ரடர் வேலை செய்யும். ஒவ்வொரு பக்கமும் 6 டிகிரி, அதாவது நம் அளவுக்கு நுனி சுமார் 5 செ.மீ. உயரம், நல்ல ஆரம்பம்.

இப்போது எடை. பேட்டரியை அதன் இடத்தில் வைத்த பிறகுதான் சிஜி, அதாவது எடை மையம், பார்க்க வேண்டும். முன் ஓரத்திலிருந்து அகலத்தின் 30 சதவீதத்தில், நம் கணக்கில் 6 செ.மீ.யில், இரண்டு பக்கமும் அடியில் பென்சிலால் குறித்து, விரல் நுனிகளால் தூக்கிப் பாருங்கள். மட்டமாக நிற்கலாம், மூக்கு ஒரு துளி தாழ்ந்தாலும் பரவாயில்லை, வால் மட்டும் தாழக் கூடாது. சரிசெய்ய ஈயம் ஒட்டாமல் பேட்டரியை நகர்த்துங்கள், இந்த எடையில் 5 கிராமும் கனம்தான். பிறகு மூக்கையும் வாலையும் பிடித்துத் தூக்கி எந்த இறக்கை தாழ்கிறது என்றும் பாருங்கள்.

மின்சாமான் வேலை சுருக்கம்தான். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ரிமோட்டில் எல்லா டிரிம்மும் நடுவில் இருக்கும்போது சர்வோ (ரடரையும் எலிவேட்டரையும் கம்பி வழியே அசைக்கும் சிறு மோட்டார்) கை கம்பிக்கு நேர்குத்தாகவும், ரடரும் எலிவேட்டரும் நேராகவும் நிற்க வேண்டும். எலிவேட்டர் மேலும் கீழும் 10 மி.மீ., ரடர் 20 மி.மீ., எக்ஸ்போ (குச்சியின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் ரிமோட் அமைப்பு) 30 சதவீதம் போதும். சிக்னல் போனால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைத்து, ரிமோட்டை அணைத்து, உண்மையிலேயே நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

முதலில் மோட்டார் இல்லாமல், உயரமான புல்மேல், காற்றுக்கு எதிராக, தோள் உயரத்திலிருந்து விடுங்கள். எறிய வேண்டாம், விமானம் காற்றில் நிற்கும் அந்த வேகம் வரும்வரை ஓடி மட்டமாகக் கையை விட்டால் போதும். மூக்கைத் தூக்கி நின்று பொத்தென்று விழுந்தால் பேட்டரியை 5 மி.மீ. முன்னால், கல்லைப் போல இறங்கினால் அதே அளவு பின்னால். நேராக, மெதுவாக, நாலைந்து மீட்டர் சறுக்கினால் மோட்டாருக்குப் போகலாம்.

மேலே போனதும் ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பதுதான் வேலை: கோளாறு மோட்டார் ஓடும்போது மட்டும் வருகிறதா, மோட்டாரை நிறுத்தினாலும் வருகிறதா? ஓடும்போது மட்டும் இடது பக்கம் இழுத்து, நிறுத்தியதும் நேராகப் போனால் அது ப்ரொப்பெல்லர் தரும் முறுக்கு, மோட்டாரை 2 டிகிரி வலது பக்கம் திருப்புங்கள். த்ராட்டில் கூட்டும்போதெல்லாம் மூக்கு எகிறினால் மோட்டாரைக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். மோட்டார் மவுண்டின் திருகுகள் 20 மி.மீ. இடைவெளியில் இருந்தால், ஒரு பக்கத் திருகின் அடியில் அரை மி.மீ. வாஷர் வைத்தாலே சுமார் ஒன்றரை டிகிரி கிடைத்துவிடும். இரண்டு நிலையிலும் ஒரே பக்கம் இழுத்தால் கீழே இறக்கி, மறுபடி துணியையும் வாலின் நேரையும் பாருங்கள். இதில் அவசரப்பட்டு ரடர் டிரிம்மைத் தள்ளிவிட்டால் மூலக் கோளாறு மறைந்துபோகும், அப்புறம் அதைத் தேடுவது பெரும்பாடு.

சிஜியை நுணுக்கமாகச் சரிபார்க்க வழக்கமாக டைவ் சோதனை செய்வார்கள்: குறைந்த த்ராட்டிலில் மட்டமாகப் பறக்க டிரிம் செய்து, மூக்கைக் கீழே தள்ளிவிட்டு, குச்சியை விட்டுவிடுவது. தானாக மெதுவாக நிமிர்ந்தால் நல்லது, வெடுக்கென்று நிமிர்ந்தால் எடை அதிகம் முன்னால் இருக்கிறது, நிமிராமல் இன்னும் சரிந்தால் அதிகம் பின்னால். துணி இறக்கைக்கு இங்கே கவனம் வேண்டும், 20 டிகிரிக்குமேல் சரிக்காதீர்கள். வேகம் கூடி, காற்று படும் கோணம் குறைந்து கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்தால், துணி உப்பலை இழந்து படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் தரையிலேயே கேட்கும். அந்த நிலையில் தூக்குவிசை போய்விடும், விமானம் தானாக நிமிராது. சத்தம் கேட்டதும் த்ராட்டிலை முழுசாக இறக்கி, எலிவேட்டரை மெதுவாக மேலே இழுங்கள். பதறி வெடுக்கென்று இழுத்தால் துணி ஒரே அடியில் உப்பி, மொத்தச் சுமையும் மெல்லிய ராடின்மேல் விழும், நடுவில் ஒடிவது அப்படித்தான். இந்தக் காரணத்துக்காகவே சிஜி சரியான இடத்துக்கு 2, 3 மி.மீ. முன்னால் இருப்பதை நான் விரும்புகிறேன். கொஞ்சம் சோம்பலாகப் பறக்கும், ஆனால் நம்பலாம்.

பின் ஓரம் மட்டும் சாதாரண வேகத்திலேயே துடித்தால் அது சிஜி பிரச்சினை இல்லை. அந்த ஓரத்தில் மெல்லிய நாடா ஒட்டுங்கள், அல்லது விலா ராடுகளுக்கு நடுவே 1 மி.மீ. ராடு ஒன்றைக் கூடுதலாகச் செருகுங்கள்.

இவ்வளவும் முடிந்து ரிமோட்டில் இன்னும் நாலைந்து கிளிக் டிரிம் மிச்சமிருந்தால் அப்படியே விடாதீர்கள். எலிவேட்டர் இப்போது நிற்கிற இடத்தை ஒரு ஸ்கேலால் அளந்து, டிரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்து, கம்பி முனையின் கிளெவிஸை (கம்பியின் நீளத்தை மாற்றத் திருகும் கொக்கி) திருகி எலிவேட்டரை அதே இடத்துக்கு வரவழையுங்கள். வீட்டுக்கு வந்ததும் துணியின் இழுகயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள், தளர்த்துவதற்கு முன் முடிச்சு இருந்த இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் அடுத்த முறை அதே இறுக்கத்துக்கு வர ஒரு நிமிடம்கூட ஆகாது. லிப்போ பேட்டரியைச் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். அப்புறம் விமானத்தைக் கண்ணாடி மூடிய காரில் வெயிலில் விட்டுவிடாதீர்கள், ஒட்டிய நாடாக்களின் பசை இளகி, பார்த்துப் பார்த்து எடுத்த அளவெல்லாம் நகர்ந்துவிடும்.