தலைசுற்றல் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பிரிவுக்குப் பயிற்சிக்கு வரும் இளம் இயன்முறை மருத்துவர்கள், பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்த பிழைகளை ஏறக்குறைய அதே வரிசையில் செய்வதைப் பார்க்கும்போது சிரிப்பும் சங்கடமும் சேர்ந்தே வருகின்றன. வலது காதுக்குப் பதிலாக இடது காது என்று குறித்துவிடுவது, இரத்த அழுத்தம் பார்க்காமல் பயிற்சியைத் தொடங்குவது போன்றவை ஒரு மாதத்தில் தாமாகவே திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தலையை அசைக்க வேண்டாம் என்று சொல்வது

இந்தப் பிழையை நினைத்தால் இன்றும் எனக்கு என்மீதே எரிச்சல் வரும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், நாற்பது வயது கடந்த பேருந்து நடத்துநர் ஒருவர், உட்செவிச் சமநிலை நரம்பில் அழற்சி கண்டு, ஒரு வாரம் வாந்தியும் சுற்றலுமாகக் கிடந்து, சற்றுத் தேறிய நிலையில் என்னிடம் அனுப்பப்பட்டார். தலையைத் திருப்பினாலே முகம் வெளிறிய அவரைப் பார்த்து இரங்கி, "கொஞ்ச நாளைக்குத் தலையை வேகமாகத் திருப்பாதீர்கள், குனியாதீர்கள், ஓய்வெடுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அவரும் அதைச் சட்டம்போல் கடைப்பிடித்தார். யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்பினார். சந்தைக்குப் போவதை நிறுத்தினார். மூன்று மாதம் கழித்து வந்தபோது, "சார், படிக்கட்டுல கால வச்சா பஸ்ஸே என்மேல சாயுற மாதிரி இருக்கு" என்றார்.

அந்த மூன்று மாதத்தில் நடந்ததை விளங்கிக்கொள்ள, சேதமடைந்த காதைவிட மூளையைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு உட்செவிகளும் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும் சைகைகளில் ஒரு பக்கத்தது திடீரென்று குறையும்போது, தலை சுழல்வதாக மூளை தவறாகக் கணக்கிடுகிறது. அதனால்தான் உலகம் சுற்றுகிறது, கண்கள் துடிக்கின்றன. இந்த முதற்கட்டக் குழப்பம் படுத்திருந்தாலும் சில நாட்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் தலை ஒரு பக்கம் திரும்பும் கணத்தில் கண்களை அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் திருப்பிப் பார்வையை நிலைநிறுத்தும் அனிச்சைச் செயல் அப்படித் தானாகச் சீராவதில்லை. தலை அசையும்போது விழித்திரையில் பிம்பம் வழுக்க வேண்டும். அந்த வழுக்கலைப் பிழையாக உணர்ந்துதான் சிறுமூளை தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. தலையை அசைக்காதவருக்குப் பிழையும் இல்லை, திருத்தமும் இல்லை. நான் இரக்கம் என்று நினைத்துக் கொடுத்த அறிவுரை, அவர் மூளைக்கு வேண்டிய பாடத்தையே பறித்துவிட்டது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1940களிலேயே இங்கிலாந்தில் மருத்துவர்கள் காதோர்னும் குக்ஸியும், தலைசுற்றலோடு வந்தவர்களைப் படுக்கையில் வைத்திருக்காமல், தலையை ஆட்டவும் குனிந்து நிமிரவும் பந்து எறியவும் வைத்தார்கள். இதை நான் தேர்வுக்குப் படித்திருந்தேன். நோயாளி எதிரே வாய்பொத்தி உட்கார்ந்திருந்தபோது படித்தது பின்வாங்கிக்கொண்டது.

அவர் கையில் மாத்திரைச் சீட்டும் இருந்தது. புரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்றவை வாந்தி தணியும்வரை முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு உதவும். அதற்குமேல் நீடித்தால் மூளை பழகிக்கொள்வதைத் தாமதப்படுத்தும், முதியவர்களுக்குப் பார்க்கின்சன் நோய்போன்ற நடுக்கத்தையும் விறைப்பையும் கொண்டுவரலாம். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நமக்கு இல்லை. ஆனால் எழுதிக்கொடுத்த மருத்துவருக்கு இரண்டு வரி எழுதிக் கேட்கலாம், நான் கேட்கவில்லை.

நடத்துநருக்கு அதற்குள், நரம்பு அழற்சி போய் வேறொன்று குடிபுகுந்திருந்தது: நிற்கும்போதும் கூட்டத்திலும் நாள்தோறும் தள்ளாடுவதுபோல் தோன்றும், மூன்று மாதத்துக்கு மேல் நீளும் தலைசுற்றல். தலைசுற்றல் ஆய்வாளர்களின் பன்னாட்டு அமைப்பான பாரனி சங்கம் அதற்கு 2017இல்தான் முறையான வரையறை தந்தது. அன்று எனக்கு அதற்குப் பெயர்கூடத் தெரியாது. பதினோரு மாதம் அவர் பணிக்குப் போகவில்லை. பிறகு பணிமனைக்குள் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்தது. பேருந்தில் மறுபடி ஏறவில்லை.

கண்ணுக்கு மட்டும் பயிற்சி கொடுப்பது

வார இறுதி வகுப்புகளில் செயல்பாட்டு நரம்பியல் என்ற பெயரில் கற்றுக்கொண்டு வருபவர்கள், தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு பேனா முனையைக் கண்ணால் தொடரச் சொல்லும் பயிற்சியை எல்லாருக்கும் தருகிறார்கள். உட்செவிக் குறைபாட்டில் பார்வையை நிலைநிறுத்துவதற்கு, தலையசைவே இல்லாத கண் பயிற்சியைத் தனியாகத் தர வேண்டாம் என்று அமெரிக்க இயன்முறை மருத்துவர்களின் நரம்பியல் வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது. பேனா அசையாமல் இருக்கட்டும். அதைப் பார்த்தபடி தலை அசைய வேண்டும். அதே வழிகாட்டி, குறைபாடு நாட்பட்டவர்களுக்கு இப்பயிற்சியைப் பல தடவையாகப் பிரித்து நாளுக்கு மொத்தம் 20 நிமிடமாவது, 4 முதல் 6 வாரம் செய்யச் சொல்கிறது.

பலவீனமான மூளைப்பாதி

கண்மணியின் சுருக்கத்தைப் பார்த்து, மூளையின் எந்தப் பாதி பலவீனம் என்று முடிவுசெய்து, அந்தப் பாதியைத் தூண்டுவதாகச் சொல்லும் முறைக்கு நம்பத்தகுந்த சான்று இல்லை.

அளவு தெரியாமல் ஏற்றுவது

மேலே எழுதியதைப் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் பாய்பவர்களும் உண்டு. நடத்துநருக்குப் பிறகு ஓராண்டு நானும் அப்படித்தான் இருந்தேன். ஒற்றைத் தலைவலியோடு சுற்றலும் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவியை முதல் நாளிலேயே அரை மணி நேரம் தலையாட்ட வைத்தேன்; அவர் திரும்ப வரவில்லை. இப்போது நான் பின்பற்றும் கணக்கு எளியது: பத்துக்கு இரண்டு மூன்று புள்ளி அளவுக்குக் கிறுகிறுப்பு கூடலாம், அது கால்மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அடுத்த முறை பாதியாகக் குறைக்கிறேன்.

கழுத்துப் பட்டை

படுக்கவைத்து, தலையைத் தொங்கவிட்டு, கண்ணைப் பார்க்காமல் யாருக்கும் 'கழுத்துத் தேய்மானச் சுற்றல்' என்று பட்டை மாட்டாதீர்கள். உட்செவித் துகள்கள் இடம் மாறியதால் வரும் சுற்றலைக் கண்டறிய, 1952இல் டிக்ஸும் ஹால்பைக்கும் விவரித்த அந்தச் சோதனைக்கு ஒரு கட்டில் போதும்.

இன்று காலை தொடங்கிய சுற்றல்

இரட்டையாகத் தெரிகிறது, நாக்கு குழறுகிறது, முகமோ கையோ மரக்கிறது, பிடிமானமின்றி உட்காரவே முடியவில்லை என்று யாராவது சொன்னால், பயிற்சி அறையின் கதவைக்கூடத் தாண்ட விடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புங்கள்.