என்ஜின்எக்ஸில் டவுன்லோடு கோப்புகளுக்கு ஹெட்டர் சேர்ப்பது எப்படி?

பிடிஎஃப் இணைப்பைச் சொடுக்கினால் பிரவுசர் அதைத் திறந்து காட்டுகிறது. அப்படித் திறக்காமல் நேராக இறங்க வேண்டும், இறங்கும்போது தமிழ்ப் பெயரோடு சேமிக்கப்பட வேண்டும் என்றால் கோப்பில் எதையும் மாற்ற வேண்டாம். என்ஜின்எக்ஸ் (இணையதளக் கோப்புகளை அனுப்பும் சர்வர் மென்பொருள்) அனுப்பும் ஹெட்டரை, அதாவது கோப்புக்கு முன்னால் போகும் குறிப்பு வரிகளை, மாற்றினால் போதும். இங்கே உபுண்டு, டெபியன் சர்வர்களுக்கான வழி. கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறோம், கோப்பில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

1. இப்போது என்ன போகிறது என்று பாருங்கள்

டெர்மினலில் கர்ல் கட்டளையோடு பெரிய ‘-ஐ’ சேர்த்து, கோப்பின் முகவரியைக் கொடுங்கள். ஹெட்டர்கள் மட்டும் வரும். கன்டென்ட்-டைப், லாஸ்ட்-மாடிஃபைடு, ஈடேக் ஆகியவற்றை என்ஜின்எக்ஸ் தானாகவே தரும், அவற்றைத் தொட வேண்டியதில்லை.

2. நகல் எடுங்கள்

தளத்தின் அமைப்புக் கோப்பு சைட்ஸ்-அவைலபிள் அடைவில் இருக்கும். நகலை ஹோம் அடைவில் வையுங்கள். சைட்ஸ்-எனேபிள்டில் வைத்துவிடாதீர்கள்: அங்கே இருக்கும் எல்லாக் கோப்பையும் என்ஜின்எக்ஸ் படிக்கும், நகலும் ஒரு தளமாகச் சேர்ந்துகொள்ளும்.

3. சர்வர் பிளாக்கினுள் (அமைப்புக் கோப்பில் ‘சர்வர்’ என்று தொடங்கும் பகுதி) இதைச் சேருங்கள்

லொகேஷன் /நூல்/ {
  ஆட்_ஹெட்டர் கன்டென்ட்-டிஸ்பொசிஷன் "அட்டாச்மென்ட்";
  ஆட்_ஹெட்டர் கேஷ்-கன்ட்ரோல் "மேக்ஸ்-ஏஜ்=86400";
  ஆட்_ஹெட்டர் எக்ஸ்-கன்டென்ட்-டைப்-ஆப்ஷன்ஸ் "நோஸ்னிஃப்" ஆல்வேஸ்;
}

/நூல்/ உள்ள இடத்தில் உங்கள் கோப்புகள் இருக்கும் பாதையைப் போடுங்கள். முதல் ஹெட்டர் வரி ‘திறக்காதே, சேமி’ என்கிறது. இரண்டாவது, பிரவுசர் நகலை எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பது; 86400 ஒரு நாளுக்கான விநாடிகள். மூன்றாவது, கோப்பின் வகையைப் பிரவுசர் தானாக ஊகிக்காமல் தடுக்கும். ஆல்வேஸ் இல்லாத ஹெட்டர் 200, 206, 304 போன்ற பதில்களோடு மட்டுமே போகும், 404 பிழைக்குப் போகாது. முதல் வரிக்கு வேண்டுமென்றேதான் ஆல்வேஸ் போடவில்லை. போட்டால் ‘கோப்பு இல்லை’ என்ற பக்கத்தையும் சேமிக்கச் சொன்னதாகிவிடும்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். சர்வர் பிளாக்கில் ஏற்கெனவே ஆட்_ஹெட்டர் வரிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். லொகேஷனுக்குள் ஒரே ஒரு ஆட்_ஹெட்டர் எழுதினாலும் மேலே உள்ளவை அத்தனையும் அந்த லொகேஷனுக்கு வராமல் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது, பாதுகாப்பு ஹெட்டர்கள் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். பொதுவான வரிகளை ஸ்னிப்பெட்ஸ் அடைவில் தனிக் கோப்பாக எழுதி, வேண்டிய ஒவ்வொரு பிளாக்கிலும் இன்க்லூட் செய்வதுதான் நம்பகமான வழி.

4. தமிழ்ப் பெயர்

பெயர் எதுவும் கொடுக்காவிட்டால் பிரவுசர் முகவரியின் கடைசிப் பகுதியையே கோப்புப் பெயராக எடுத்துக்கொள்ளும். சர்வரில் 12.பிடிஎஃப் என்று இருப்பதை ‘பாடம்.பிடிஎஃப்’ என்று இறக்க வேண்டுமானால், அந்தக் கோப்புக்கு மட்டும் ‘லொகேஷன் =’ என்று தனி பிளாக் எழுதி, ஹெட்டர் மதிப்பை இப்படிக் கொடுங்கள்:

"அட்டாச்மென்ட்; ஃபைல்நேம்=12.பிடிஎஃப்; ஃபைல்நேம்*=யூடிஎஃப்-8''..."

புள்ளிகள் உள்ள இடத்தில் தமிழை அப்படியே ஒட்டக் கூடாது, சதவீதக் குறியீடாக மாற்ற வேண்டும். ‘ப’ ஒன்றுக்கே மூன்று பைட், ஒரு பைட்டுக்கு மூன்று குறி, ஆக ஒன்பது. ‘பாடம்’ என்பதில் கால், புள்ளி உட்பட ஐந்து குறியீடுகள் இருப்பதால் 45 குறிகள் வரும். கையால் எழுதாமல் பைத்தானின் யூஆர்எல்லிப்.பார்ஸில் உள்ள க்வோட் ஃபங்ஷனிடம் விட்டுவிடுங்கள். நட்சத்திரம் இல்லாத ஃபைல்நேமில் தமிழை நேரடியாகப் போட்டால் சில இடங்களில் புரியாத எழுத்துக் குவியலாக இறங்கும்.

வெளியே உள்ள இரட்டை மேற்கோள் கட்டாயம். அது இல்லாவிட்டால் முதல் அரைப்புள்ளியோடு கட்டளை முடிந்துவிட்டதாக என்ஜின்எக்ஸ் எடுத்துக்கொண்டு, அடுத்த சொல்லை ‘அன்னோன் டைரக்டிவ்’ என்று திருப்பி அடிக்கும். கேஷ்-கன்ட்ரோலையும் நோஸ்னிஃப் வரியையும் இன்க்லூட் வரியையும் இந்தத் தனி பிளாக்கிலும் எழுத வேண்டும்.

5. சோதித்து ஏற்றுங்கள்

சூடோ என்ஜின்எக்ஸ் -டி கொடுங்கள். சரி என்று வந்தால் மட்டும் சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீலோட் என்ஜின்எக்ஸ். ரீஸ்டார்ட் வேண்டாம், ரீலோட் செய்தால் பாதியில் இறங்கிக்கொண்டிருக்கும் கோப்புகள் அறுந்துபோகாது.

மறுபடி கர்லில் பாருங்கள். கேஷ்-கன்ட்ரோல் இரண்டு முறை வந்தால், எக்ஸ்பயர்ஸ் கட்டளையும் எங்கேயோ இருக்கிறது, இரண்டில் ஒன்றை எடுங்கள். கர்லில் சரியாக வந்தும் பிரவுசர் பிடிஎஃப்பைத் திறந்தே காட்டினால், அது முன்பு சேமித்துவைத்த பழைய பதில். பிரைவேட் ஜன்னலில் முகவரியைத் திறந்து பாருங்கள்.